பிள்ளையும் நீங்களும் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைப்பது எப்படி?

பிள்ளை வரைந்ததைச் சுவரில் மாட்டி நாலு பேருக்குக் காட்டுவது புதிதில்லை, பாலர் பள்ளிகளே அதைச் செய்கின்றன. நான் சொல்லப்போவது வேறு. அம்மாவோ அப்பாவோ ஓர் ஓவியர், பிள்ளை இன்னோர் ஓவியர். இரண்டு பேரும் மனதில் தோன்றிய உருவங்களை, மனிதரோ, பாதி மனிதர் பாதி மிருகமோ, பறக்கும் பாட்டியோ, மூன்று கண் பூதமோ, எதுவானாலும் வரைந்து, ஒரே சுவரில் ஒரே மரியாதையோடு மாட்டுவது. இதில் எனக்கு ஒரே ஒரு விதிதான் முக்கியம்: பிள்ளை போட்ட கோட்டில் நீங்கள் கை வைக்கக்கூடாது. என்ன தாள் வாங்குவது என்பதிலிருந்து படத்தை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதுவரை கீழே சொல்லியிருப்பது எல்லாம் அந்த விதியை ஒட்டியதுதான்.

ஏன் கற்பனை உருவங்கள்? மரம், வீடு, பூச்சாடி என்று பார்த்து வரைந்தால் பெரியவர் கைதான் மேலே தெரியும். பிள்ளையின் படம் பக்கத்தில் பாவமாக நிற்கும். கற்பனை உருவத்தில் அப்படி இல்லை, அங்கே பிள்ளைகள் நம்மைவிட ரொம்ப தூரம் முன்னால் இருக்கிறார்கள். மூன்று நான்கு வயதில் தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்த மனிதரை வரைவார்கள், உலகம் முழுக்கப் பிள்ளைகள் கிட்டத்தட்ட இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் முக்கியமானவர் பெரிதாகவும் மற்றவர் சின்னதாகவும் ஆகிவிடுவார்கள், சட்டைக்குள் வயிறும் வயிற்றுக்குள் சாப்பிட்ட தோசையும் தெரியும். எட்டு ஒன்பது வயதில் "இது சரியா இல்ல, நிஜம் மாதிரி வரல" என்ற பேச்சு வந்துவிடும், அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடும் பிள்ளைகள் நிறைய. அந்த வயதுப் பிள்ளைக்குத்தான் இந்த வேலை இன்னும் அவசியம் என்பேன், ஏனென்றால் நான்கு கை மீன்காரருக்கு நிஜம் மாதிரி என்று ஒன்று கிடையாது.

வரையத் தொடங்கும் முன் பார்க்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். போனில் படம் தேட வேண்டாம். உங்கள் பர்சில் சிங்கப்பூரின் 50 வெள்ளி நோட்டு இருந்தால் அதைத் திருப்பிப் பிள்ளையிடம் கொடுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் ஓவியங்களில் ஒன்று சிங்கப்பூர் ஓவியர் சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த, கருவாடு காயவைக்கும் காட்சி. அந்த மனிதர்களின் கையையும் காலையும் பாருங்கள், எந்த மனிதருக்கும் அவ்வளவு நீளம் கிடையாது, ஆனால் பார்த்த உடனே உழைப்பவர்கள் என்று தெரிந்துவிடும். நம் நாட்டுப் பணநோட்டிலேயே நீட்டி வளைத்த உடம்பு இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டால், "கை ரொம்ப நீளமாப் போயிடுச்சு" என்ற கவலை பாதி குறையும். (அதே பக்கத்தில் ஒரு வீணையும் இருக்கிறது, பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.) அசல் ஓவியம் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே பொது நுழைவு இலவசம், சிறுவர்களுக்கென்றே கெப்பல் கலைக்கல்வி நிலையமும் அதற்குள் இருக்கிறது.

அப்புறம் கோபுரங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், இரண்டில் எது பக்கமோ அங்கே போய் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்குச் சலித்துவிடும். ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, எத்தனை கை, ஒவ்வொரு கையும் என்ன செய்கிறது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பேசினால் போதும். இன்னொரு நல்ல இடம் ஹா பார் வில்லா. 1937லிருந்து இருக்கிற தோட்டம், நுழைவு இலவசம், மனிதத் தலை வைத்த நண்டு ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. நரகக் காட்சிகள் உள்ள பகுதி சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், தோட்டமே தாராளம். போன இடத்திலேயே உட்கார்ந்து வரையச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு நாள் கழித்து ஞாபகத்திலிருந்து வரையட்டும். ஞாபகம் சிலதை மறக்கும், சிலதைப் பெரிதாக்கும், அந்த இடத்தில்தான் கற்பனை உள்ளே வரும்.

வரைவது

கையை இளக்க ஒரு மடிப்பு விளையாட்டு இருக்கிறது, 1920களில் பாரிஸில் சர்ரியலிஸ்ட், அதாவது கனவுபோன்ற கற்பனையை நம்பிய, ஓவியர்களும் கவிஞர்களும் ஆடியது. ஏ3 தாளை மூன்றாக மடியுங்கள். ஒருவர் தலையை வரைந்து, கழுத்துக் கோடுகள் மட்டும் மடிப்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும்படி விட்டு, மறைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் உடம்பு, பிறகு மறுபடி முதலாமவர் கால். பிரித்துப் பார்க்கும்போது யாருடைய திறமையும் தனியாகத் தெரியாது. இப்படி வந்தவற்றில் ஒன்றைக் கண்காட்சிக்கு எடுத்து வையுங்கள், இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வருவது அது ஒன்றில் மட்டும் இருக்கட்டும். பிள்ளை வரைந்த உருவத்துக்குப் பின்னால் அம்மா அழகாக வானமும் கடலும் தீட்டிக் கூட்டுப்படைப்பு என்று வைப்பதைப் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ப்பவர் கண் அம்மாவின் கடலுக்குத்தான் போகும்.

மற்ற படங்களுக்கு இரண்டு பேருக்கும் ஒரே தலைப்பு, ஆனால் தனித்தனி மேசை. தலைப்பு நம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே வரட்டும். "மழை நாளில் வாடிக்கையாளர் வராத காப்பிக்கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்?" "தாத்தாவின் மூட்டுக்குள் யார் குடியிருக்கிறார்?" "மின்தூக்கியில் 14ஆம் மாடிக்கும் 15ஆம் மாடிக்கும் நடுவில் வாழ்பவர் யார்?"

கடைசித் தலைப்புக்கு என் மகள் வரைந்தது ஒரு ஒல்லியான பெண்மணி. கழுத்துதான் மின்தூக்கியின் கம்பி, இரட்டைப் பின்னலில் ஒன்று பொத்தான்களைச் சுற்றிக் கட்டியிருந்தது, மாடி எண் பார்ப்பதற்காக முழங்காலுக்கு ஒரு கண். இடது பாதத்தை அழித்து அழித்து வரைந்ததில் அந்த இடத்தில் தாள் பஞ்சுபோல் எழும்பி அழுக்காகிவிட்டது, கடைசியில் அந்த அழுக்கின் மேலேயே அழுத்தி ஒரு பாதம் போட்டாள். படத்திலேயே மிக உறுதியான கோடு அதுதான். வேறு தாளில் திரும்ப வரையச் சொல்லியிருந்தால் அந்தப் பாதம் கிடைத்திருக்காது. வந்தவர்களில் பலர் அந்த இடத்தில்தான் குனிந்து பார்த்தார்கள்.

பிள்ளை வரையும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், புரியவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும். "இவங்களைப் பத்திச் சொல்லு" என்றால் பேச்சு தானாக வரும், அதைப் பக்கத்தில் ஒரு தாளில் அப்படியே எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். "அம்மா, குதிரை வரல, நீங்க போட்டுக் குடுங்க" என்று வந்து நின்றால், உங்கள் தாளில் ஒரு குதிரை போட்டுக் காட்டலாம், அவள் தாளில் போடக்கூடாது. சில பிள்ளைகள் அதற்கு அழும். அழட்டும், கொஞ்ச நேரத்தில் குதிரைக்குப் பதிலாக வேறொரு மிருகம் வந்துவிடும்.

உங்கள் படத்துக்கு வருவோம். பெரியவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒன்று, பிள்ளைபோலவே வரைவதாக நினைத்துக் கோணல்மாணலாகப் போடுவது, அது பார்த்ததுமே பொய் என்று தெரியும். இன்னொன்று, எல்லாத் திறமையையும் கொட்டிப் பிள்ளையின் படத்தை மூழ்கடிப்பது. உங்கள் கைக்கு வருகிறபடி வரையுங்கள், ஆனால் தாளின் அளவும் பொருளும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அவளுக்குப் போட்டோகாப்பித் தாளும் கிரேயானும், உங்களுக்கு கேன்வாஸும் அக்ரிலிக்கும் என்றால் யார் படம் உசத்தி என்பதை மாட்டும் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள்.

தாள், வண்ணம், ஈரக்காற்று

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப்பொருள் கடைகள் இருக்கின்றன, பிள்ளையையும் கூட்டிப்போய் அவள் கையாலேயே தாளைத் தடவிப் பார்த்து எடுக்கட்டும். தண்ணீர் வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வேண்டும், மெல்லிய தாள் நம் ஊர் ஈரத்தில் அலையலையாக வளைந்துவிடும். பென்சில், ஆயில் பாஸ்டலுக்கு 200 போதும். ஆயில் பாஸ்டல் வருஷக்கணக்கானாலும் முழுக்கக் காயாது, தொட்டால் ஒட்டும், அதனால் ஃபிரேமில் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்க வேண்டும். சாதாரண மார்க்கர் பேனாவின் நிறம் வெளிச்சத்தில் வெளிறும். ஜன்னலோரச் சுவரில் மாட்டாதீர்கள், மாட்டும் முன் ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் காலை நேரத்தில் ஜன்னல் பக்கம் தரையில் படத்தை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுத்தாலே நன்றாக வரும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்ட ஃபிரேம் வாங்குங்கள், லேசு, விழுந்தாலும் உடைந்து குத்தாது. எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி ஃபிரேம், அவளுடையதற்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் வேண்டாம்.

களிமண் உருவம் செய்ய ஆசைப்பட்டால், காற்றில் காயும் களிமண்ணை அலுமினியத் தாளைக் கசக்கிச் செய்த உள்கூட்டின் மேல் மெல்லிசாகப் பூசுங்கள். முழுக்கக் களிமண்ணால் செய்த தடித்த உடம்பு வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து வெடிக்கும். ஏசியை நேராகப் படவிட்டால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது

குறைவாக மாட்டுங்கள். 3 மீட்டர் சுவரில் ஃபிரேம் போட்ட ஏ3 படங்கள் நிமிர்ந்த வாக்கில் ஐந்துதான் மூச்சுவிட்டு நிற்கும். ஆளுக்கு இரண்டு, நடுவில் அந்த மடிப்புப் படம். எது வேண்டும் எது வேண்டாம் என்பதை அவரவர் படத்துக்கு அவரவர்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தைப் பிள்ளை "வேணாம்" என்றால் அது வேண்டாம்தான். காரணம் கேட்கலாம், கெஞ்சக்கூடாது.

இடத்துக்கு முதல் தடவை உங்கள் வீட்டு வரவேற்பறையே நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கான்கிரீட் சுவரில் துளை போடாமல், ஒட்டிப் பிரிக்கும் பட்டைகளால் மாட்டலாம். சுவரை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டையை அழுத்தி, ஒரு மணி நேரம் விட்டுப் படத்தை ஏற்றினால் நிற்கும், புதிதாக வண்ணம் பூசிய சுவரில் மட்டும் வேண்டாம், பிரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். வாசலுக்கு வெளியே தாழ்வாரத்திலும் கொஞ்சம் வைக்கலாமே என்று தோன்றும். தீயணைப்பு விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அதனால் ஸ்டாண்டு எதையும் வெளியே இழுக்காதீர்கள்.

வீட்டைத் தாண்டினால் புளோக்கின் கீழ்த்தளம். நகர மன்றத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், உங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் அமைப்பில் தெரிந்தவர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், பலகைகளும் மேசைகளும் அவர்கள் மூலமாகவே கிடைக்கலாம். தூணில் துளை போட முடியாது, கம்பிவலை ஸ்டாண்டும் எஸ் கொக்கியும்தான் வழி. அங்கே பயப்பட வேண்டியது காற்றும் சாரலும். நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழை அதிகம், மற்ற மாதங்களிலும் சுமத்ரா காற்று அதிகாலையில் கிளம்பி வந்து புரட்டிப் போடும். அதனால் அசலை வீட்டில் வைத்துவிட்டு, நல்ல பிரதியை மாட்டுவது புத்திசாலித்தனம். அக்கம்பக்கத்துச் சீன, மலாய்க் குடும்பங்கள் சந்தைக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பார்கள், எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

சமூக மன்றம், நூலகம், கலை நிலையம் என்று போனால் இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். சின்னக் கடிதம் போதும்: நாங்கள் இரண்டு பேர், இத்தனை படம், இந்த அளவு, இத்தனை நாள், கூடவே மூன்று படங்களின் போட்டோ. கேட்க வேண்டியவை: சுவரில் எப்படி மாட்ட விடுவார்கள், படத்துக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, இரவில் பூட்டுவார்களா, பொதுமக்களுக்கான கண்காட்சி என்பதால் ஐஎம்டிஏ (தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) உரிமம் ஏதும் வேண்டுமா. ஜூன் பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் பிள்ளைக்கு வசதி. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடக்கும் தமிழ்மொழி விழாவில் பல தமிழ் அமைப்புகள் நிகழ்ச்சி நடத்துகின்றன, உங்களுக்குத் தெரிந்த அமைப்பு இருந்தால் படத்தோடு பிள்ளைகள் தமிழில் கதை சொல்லும் பகுதியும் சேர்த்து இப்போதே பேசிவைக்கலாம்.

மாட்டும் உயரத்தைப் பற்றி எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், நின்றுகொண்டிருக்கும் பெரியவர் கண்ணுக்கு ஏற்ற கணக்கு. ஏழு வயதுப் பிள்ளையின் கண் 110 சென்டிமீட்டர் பக்கத்தில்தான் இருக்கும். இது அவளுடைய கண்காட்சியும் என்றால் நடுக்கோட்டை 115, 120க்கு இறக்குங்கள். பெரியவர்கள் குனியட்டும், இல்லை முக்காலி போட்டு உட்காரட்டும். அவள் படமெல்லாம் ஒரு பக்கம், உங்கள் படமெல்லாம் ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள், ஒரே தலைப்புக்கு வந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், அப்போதுதான் இரண்டு மனசும் ஒரே கேள்வியை எப்படி எடுத்துக்கொண்டன என்று தெரியும்.

பெயர்ச்சீட்டு இரண்டு பேருக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. தலைப்பு, பொருள், ஆண்டு, பெயர். பிள்ளையின் வயதைப் போட வேண்டும் என்றால் உங்கள் வயதையும் போடுங்கள். "வயது 6" என்று பார்த்ததும் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு வயதைப் பாராட்ட ஆரம்பித்துவிடுவார். முழுப்பெயர், பள்ளிப் பெயர் எழுத வேண்டாம். கீழே, வரையும்போது எழுதிவைத்த பிள்ளையின் பேச்சை, அவள் பேசிய தமிழிலேயே போடுங்கள். "இவங்க மின்தூக்கி ஆன்ட்டி. யாராவது தனியா வந்தா மட்டும் பேசுவாங்க" என்பதைத் திருத்தி உரைநடையாக்கினால் உயிர் போய்விடும். வருகிறவர்கள் பல இனத்தவர் என்பதால் அதன் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலமும் இருக்கட்டும்.

திறப்பு நாள்

சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு, அவ்வளவு போதும். வடை, கறிபஃப், பண்டோங் எல்லாம் படத்துக்கு எதிர்ச்சுவர் ஓரத்தில், பக்கத்தில் டிஷ்யூ. பிள்ளையை நிறுத்தி வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவளுக்குப் பிடித்த ஒரு வேலை கொடுங்கள், கதவைத் திறப்பது, வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது, அல்லது அங்கேயே ஒரு மேசையில் வந்த பிள்ளைகளோடு மடிப்பு விளையாட்டு ஆடுவது. சலித்துப்போய் அறைக்குள் போய்விட்டால் போகட்டும்.

உறவினர் கேள்விகளுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். "நீதான் போட்டுக் குடுத்தியா?" என்று மாமா கேட்பார், பிள்ளை காதில் விழும்படி, "இல்ல மாமா, முழுக்க அவளே போட்டது, நான் தொடவே இல்ல" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் உண்மையிலேயே தொடாமல் இருந்ததால்தான் அதைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது. "யாரோடது நல்லாருக்கு?" என்று யாராவது ஓட்டெடுக்க ஆரம்பித்தால் பேச்சை மாற்றி, "எந்த உருவத்தோட நீங்க மின்தூக்கில போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் படத்தைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

விற்பதா என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். என் கட்சி, அசலை விற்க வேண்டாம், அஞ்சலட்டை அளவில் பிரதி எடுத்து விற்கலாம், அந்தக் காசு வரைந்தவருக்கே. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பைப் பொதுவில் பயன்படுத்துபவர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், படைத்தவர் சின்னப்பிள்ளை என்பதற்காக அது மாறாது. யாராவது உங்கள் பிள்ளையின் படத்தைச் சுவரொட்டிக்குக் கேட்டால் பெயர் வருகிறதா என்று பாருங்கள், அதைவிட முதலில், தரலாமா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இறக்கிய பிறகு லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் ஆயில் பாஸ்டல் உருகிவிடும், திரும்பப் பெற வழியே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பேக்கிங் தாள் வைத்து, தட்டையான அட்டைப்பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு, கட்டிலுக்கு அடியில் இல்லாமல் அலமாரி மேல்தட்டில் வையுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும். பிள்ளைக்கு எழுதத் தெரியும் என்றால் அவள் படத்தின் பின்னால் அவளே எழுதட்டும்.